கண்ணாடித் தொட்டியில் மென்பவளம்

பவளம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது எது? நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் பாட்டிமார் கழுத்திலும் நாம் காணும் சிவப்பு மணிமாலைதான். நவமணிகளுள் ஒன்றாக அதை வைத்து எண்ணினர் நம் முன்னோர். பழந்தமிழில் அதற்குத் துகிர் என்று ஓர் அழகிய பெயரும் உண்டு. ஆனால் அந்தச் சிவப்புப் பவளம் நம் கடலில் விளைவதன்று. மத்தியதரைக் கடலின் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டு, கப்பலேறி நம் நாட்டிற்கு வந்தது. அது கல்லா, செடியா, உயிரா என்ற ஐயம் நெடுங்காலம் உலகில் இருந்தது. கடலுக்கடியில் செடியாக இருந்து, காற்றுப் பட்டவுடன் கல்லாகிவிடுகிறது என்றே பலரும் நம்பினர்.

பிரான்சு நாட்டின் மார்செய் நகரைச் சேர்ந்த பெய்சொனல் என்ற மருத்துவர் 1720-களில் பவளக் கிளையைக் கடல்நீருள்ள பாத்திரத்தில் இட்டு உற்று நோக்கினார். பூக்கள் என்று எல்லாரும் சொல்லி வந்தவை விரிந்தன. தொட்டதும் உள்ளே சுருங்கிக்கொண்டன. "இவை பூக்கள் அல்ல, சிற்றுயிர்கள்" என்று அவர் பாரிசு நகர அறிவியல் கழகத்திற்கு எழுதினார். அங்கே யாரும் ஏற்கவில்லை. அவர் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று, அவருடைய கருத்தைப் பெயர் சொல்லாமலே சபையில் எடுத்துரைத்தாராம் ரியோமுர் என்ற பேரறிஞர்! அந்த ரியோமுரே பின்னாளில் பெய்சொனல் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இந்தப் பழைய கதையை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலுள்ள தன் சித்தப்பா வீட்டிற்குப் போய் வந்தாள். அங்கே வரவேற்பறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதனுள் காளான் போல் ஒன்று, விரல்கள் போல் ஒன்று, மூடித் திறக்கும் சிறு கைகள் போல் ஒன்று என உயிருள்ள பவளங்கள் அசைந்தாடிக்கொண்டிருந்தனவாம். "பவளம் கல் அல்லவா, அது எப்படி அசையும்?" என்று நாங்கள் கேட்டோம். "இது மென்பவளம்" என்றாள். அதோடு விட்டாளா? ஆதம்பாக்கத்தில் தன் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒன்று வைத்தே தீருவேன் என்று நின்றாள். அது முடியுமா, முடிந்தாலும் தகுமா என்று மதிய உணவு வேளைகளில் நாங்கள் நடத்திய வழக்கின் விளைவே இக்கட்டுரை. நூலகத்தில் தேடியும் பெரியோரைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

முதலில், மென்பவளம் என்பது யாது? பவள உயிர் ஒவ்வொன்றும் ஒரு சிறு குழாய். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும், மேற்பக்கம் ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். இந்தச் சிற்றுயிரைப் பாலிப் என்பர். பாறை கட்டும் கல்பவளத்தில் உணர்கொம்புகள் ஆறாகவோ ஆறின் மடங்காகவோ இருக்கும். மென்பவளத்திலோ எண்ணி எட்டு. ஒவ்வொன்றும் இறகு போல் இருபுறமும் கிளைத்திருக்கும். கல்பவளம் தனக்கடியில் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்ளும். மென்பவளம் வீடு கட்டாது; தன் சதைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்களைத் தூவி வைத்துக்கொண்டு, அவற்றின் பலத்தில் நிமிர்ந்து நிற்கும். பாட்டிமார் கழுத்துச் சிவப்புப் பவளம் இருக்கிறதே, கல் போல் கெட்டியாக இருந்தாலும் அதுவும் எட்டுக் கை இனமே. ஆக, பாம்பன் பாறைகளின் கல்பவளத்தைவிட, சிங்கப்பூர்த் தொட்டியில் ஆடும் மென்பவளமே நகைப் பவளத்திற்கு நெருங்கிய உறவு. உருவத்தை வைத்து உறவு சொல்ல முடியாது பாருங்கள்!

இவற்றின் உணவு முறைதான் வியப்பிலும் வியப்பு. பெரும்பாலான மென்பவளங்களின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசிக்கு இடமும் பாதுகாப்பும் தருவது பவளம். ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைத்துப் பவளத்திற்கு ஊட்டுவது பாசி. நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களையும் பவளம் பிடித்துண்ணும். ஆனால் முதன்மையான சமையல் பாசியுடையதே. எனவே வீட்டுத் தொட்டியில் மென்பவளம் வளர்ப்பது என்றால், உண்மையில் நாம் வளர்ப்பது இரண்டு உயிர்களை. ஒன்றுக்கு நல்ல நீர் வேண்டும். மற்றொன்றுக்கு நல்ல ஒளி வேண்டும். பாசியே இல்லாத மென்பவளங்களும் உண்டு. செந்நிறமும் மஞ்சளுமாகப் பூச்செண்டு போல் இருக்கும் டென்ட்ரோநெப்தியா அவற்றுள் ஒன்று. கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் ஓயாமல் நுண்ணுணவு வந்துகொண்டே இருக்க வேண்டும். தொட்டிகளில் அது மெல்ல மெல்லப் பட்டினியால் சுருங்கி மடிவதே வழக்கம். அழகுக்காக அதை விற்பதும் வாங்குவதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் கண்ணாடித் தொட்டிக் கலையின் தொடக்கத்தில் நிற்பவர்கள் இரு பெண்கள் என்பதைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. முதலாமவர் ழான் வில்ப்ரே-பவர், பிரெஞ்சுப் பெண்மணி. தையல் தொழிலில் பெயர் பெற்றவர், திருமணத்திற்குப் பின் சிசிலித் தீவில் குடியேறினார். ஓட்டுக் கணவாய் என்னும் உயிர் தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, பிறவற்றிடமிருந்து திருடிக்கொள்கிறதா என்று அறிய, 1832-ஆம் ஆண்டு கண்ணாடித் தொட்டிகளை அமைத்து அதை உயிரோடு வைத்து ஆராய்ந்தார். அது தானே செய்துகொள்கிறது என்று நிறுவியும் காட்டினார். மற்றவர் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஆனா தைன் சீமாட்டி. இவர் 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள கல்பவளங்களை வீட்டிற்குக் கொண்டு வந்தார். கடலோ தொலைவு, நாள்தோறும் புதுக் கடல்நீர் கிடைக்காது. என்ன செய்தார்? திறந்த சன்னலருகே நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாம் காப்பி ஆற்றுகிறோமே, அதே முறைதான்! காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கலந்தது. மறு ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தபின் அந்த நீர் இன்னும் நன்றாக நிலைத்தது. பவளங்கள் உயிர் வாழ்ந்ததோடு பெருகவும் செய்தன. அந்த ஆற்றும் வேலையைச் செய்தவள் வீட்டுப் பணிப்பெண். அவள் பெயரை எந்தப் புத்தகமும் சொல்லக் காணோம்.

நம் சென்னைக்கும் இதில் பெருமை உண்டு. 1909-ஆம் ஆண்டிலேயே மெரினாக் கடற்கரையில் கடல்வாழ் உயிரினக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பவளங்களை வீட்டில் வளர்க்கும் முறை பரவுவதற்கு வழி செய்தவர்களுள் ஒருவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங். உயிருள்ள கற்களையும் பவளங்களையும் கடல்நீரில் வைத்து, பெரிய இயந்திரம் ஏதுமின்றிக் காற்றுக் குமிழிகளால் மட்டுமே வாழ வைக்கலாம் என்று 1961-இல் எழுதினார்.

இனி ஆதம்பாக்கத்துக் கூடத்திற்கு வருவோம்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 190 லிட்டர் நீர் கொள்ளும். சிறு தொட்டிதானே எளிது என்று தோன்றும்; உண்மை அதற்கு நேர்மாறு. நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் விரைவில் ஏறி இறங்கும். கடலில் வாழும் உயிருக்கு ஏற்ற இறக்கம் பழக்கமில்லை. எங்கள் ஊரிலிருந்து திருவான்மியூர்க் கடற்கரை ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். குடத்தில் கடல்நீரை மொண்டு வந்துவிடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. அடையாறும் கூவமும் கழிவைச் சுமந்து கலக்கும் கரை அது. அன்றியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே செயற்கைக் கடலுப்பைக் கரைத்துக்கொள்வதே நல்லது.

கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. நம் தொட்டிக்கு ஆறரைக் கிலோவுக்குச் சற்று மேல். சமையலறைக் கல்லுப்பு ஆகாதா? ஆகாது. தூத்துக்குடி உப்பளத்தில் நீர் வற்றும்போது சுண்ணச்சத்து முன்னதாகவே படிந்து பிரிந்துவிடுகிறது. மக்னீசியம் உப்பு கடைசிவரை கசப்பு நீரில் நின்று, அதோடு வெளியேற்றப்படுகிறது. நம் சாம்பாருக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. பவளத்திற்கோ கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் வேண்டும். சாம்பாருக்குச் சுவை தரும் சுத்தம் பவளத்திற்குப் பட்டினி!

உப்பைக் கரைக்கும் நீரும் முக்கியம். குழாய் நீரில் குளோரின் இருக்கும்; ஆழ்துளைக் கிணற்று நீரில் வேறு உப்புகள் இருக்கும். எதிர்ச் சவ்வூடு முறையில் வடிகட்டிய நீர் இன்று பல வீடுகளில் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. செம்புக் குடத்திலோ பித்தளைத் தவலையிலோ அந்நீரை வைத்திருந்து ஊற்றக் கூடாது. செம்பு நமக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பவளம், இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லா உயிர்களுக்கோ அது நஞ்சு. மீன்களின் நோய்க்குத் தரும் சில மருந்துகளில் செம்பு உண்டு. அவற்றையும் பவளத் தொட்டியில் இடலாகாது.

நீரை நிரப்பிய மறுநாளே உயிர்களை விடலாமா? கூடவே கூடாது. உயிர்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முன்னவை இரண்டும் கொடிய நஞ்சுகள். பின்னது அவ்வளவு கொடியதன்று. இந்தப் பாக்டீரியாக்கள் கற்களிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டி வெறுமையாகத்தான் நிற்க வேண்டும். வருவோர் போவோரெல்லாம் "வெறும் தண்ணீருக்கா இத்தனை விளக்கு?" என்று கேட்பார்கள். பொறுக்கத்தான் வேண்டும். தொட்டி நிலைத்த பின்னும் நைட்ரேட்டு மிகாமலிருக்க, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு அதே உப்பளவுள்ள புது நீர் விடுவார்கள்.

நம் ஊரில் பெரிய சோதனை வெயில்தான். மென்பவளத்திற்கு 24 முதல் 27 பாகை செல்சியசு வெப்பம் இதமானது. 30-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் துன்பம். சித்திரை, வைகாசியில் ஆதம்பாக்கத்து வீடுகள் எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று பாகை குறையும். மண்பானைத் தத்துவம் இதுவே. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் பானையும் குளிராது, தொட்டியும் குளிராது. அப்போது குளிரூட்டும் இயந்திரம் வேண்டும். அதன் விலையையும் மின் கட்டணத்தையும் கேட்ட பின் எங்கள் தோழியின் அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்திற்கு நேரே பிடித்துக்கொண்டாராம். மின்சாரம் நின்றால் நீரோட்டமும் நின்று பிராணவாயு குறையும். எனவே மின்கலத்தில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதுவும் இல்லையேல், ஆனா தைன் சீமாட்டி வீட்டுப் பணிப்பெண்ணைப் போல் செம்பல்லாத ஒரு குவளையால் மொண்டு மொண்டு ஊற்றலாம். கேலிக்காகச் சொல்லவில்லை, நெருக்கடியில் உண்மையாகவே பயன்படும் முறை இது.

ஆவியாதலில் இன்னொரு நுட்பம் உண்டு. நீர் போகும், உப்பு போகாது. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளில் 190 லிட்டர் 180 ஆகும். 35 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 37 ஆகும். ஆகவே குறைந்ததை ஈடு செய்ய உப்பு நீரை ஊற்றக் கூடாது. நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் அன்றாடம். உப்பின் அளவை அறிய ஐட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி போதும். அது 1.025 அல்லது 1.026 காட்ட வேண்டும்.

இப்போது புதுப் பவளம் வீட்டிற்கு வருகிறது என்று கொள்வோம். அது ஒரு பையில், தன் பழைய நீரோடு வரும். முதலில் பையைப் பிரிக்காமல் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட வேண்டும், வெப்பம் சமமாகும். பின்னர் பையிலுள்ளதை ஒரு சிறு வாளியில் கவிழ்த்து, தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியே நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினால் சொட்டின் வேகம் கட்டுப்படும். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பழைய நீரோடு புது நீர் கலந்து, உயிர் மெல்லப் பழகும். அந்த வாளி நீரைத் தொட்டியில் சேர்க்காமல் கொட்டிவிட வேண்டும். தட்டைப் புழு, ஓடில்லா நத்தை போன்ற ஒட்டுண்ணிகள் அதில் ஒளிந்திருக்கலாம். இவற்றை அகற்றுவதற்கென்றே உள்ள மருந்துக் கரைசலில் பவளத்தைச் சில நிமிடம் அலசி எடுப்பதும் உண்டு.

வைக்கும் இடத்தையும் கருத வேண்டும். வந்த அன்றே விளக்கின் கீழ் உச்சியில் வைத்தால், இருட்டறையிலிருந்து வெயிலில் தள்ளியது போலாகும். உள்ளிருக்கும் பாசி தாங்காது. அடியில் வைத்து, ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்ற வேண்டும். நாள்தோறும் எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஒளி போதும். நீரோட்டம் ஒரே பக்கமாகப் பீச்சியடிக்காமல், அங்குமிங்கும் அலைவது போலிருக்க வேண்டும். மென்பவளத்தின் மேல் வழுவழுப்பு உண்டாதலால் பசை ஒட்டாது. சிறு கல்லின் மேல் இருத்தி, ரப்பர் வளையத்தாலோ வலைத் துணியாலோ இளக்கமாகக் கட்டினால், இரண்டு மூன்று வாரங்களில் தானே பற்றிக்கொள்ளும்.

காளான் போன்ற சார்கோபைட்டான் சில சமயம் தன் பாலிப்புகளை எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசினாற்போல் சுருங்கி, நாள் கணக்கில் அப்படியே நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கியெறிந்தவர்கள் பலர். அது சாகவில்லை, மேல்தோலை உரித்துக்கொள்கிறது. தோலோடு அதன்மேல் படிந்த பாசியும் அழுக்கும் கழன்று போகும். பிறகு முன்னைவிட அழகாக விரியும். நீரோட்டம் அந்தத் தோலை அடித்துச் செல்லும்படி இருந்தால் போதும்.

மூடித் திறக்கும் கைகளைப் பற்றிச் சொன்னோமே, அது சீனியா என்ற இனம். இரவும் பகலும் ஓயாமல் அசைக்கிறது. எதற்காக இந்த வீண் உழைப்பு? உணவைப் பிடிக்கவும் அதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. செங்கடல் சீனியாவை ஆராய்ந்த அறிவியலார் 2013-இல் ஒரு விடை வெளியிட்டனர். உள்ளிருக்கும் பாசி ஒளியில் வேலை செய்யும்போது பிராணவாயு மிகுதியாகத் தேங்கி, அதன் வேலைக்கே தடையாகிறது. கையசைப்பு அந்தப் பிராணவாயுவைக் கலைத்து வெளியேற்றுகிறது. சமையல் பன்மடங்கு பெருகுகிறது. அடுப்படியில் வேலை செய்பவருக்கு விசிறி வீசும் அன்பு போலல்லவா இருக்கிறது!

ஆனால் மென்பவளம் சாது என்று எண்ணிவிடாதீர்கள். ஓடும் இல்லை, ஓடவும் முடியாது. ஆதலால் வேதிப்பொருள்களே அதன் ஆயுதம். சார்கோபைட்டானும் சைனுலேரியாவும் நீரில் கசியவிடும் பொருள்கள் அருகிலுள்ள கல்பவளத்தை வளரவிடாமல் தடுக்கும். எனவே இடைவெளி விட்டு வைத்து, கிளர்வூட்டிய கரியால் நீரை வடிகட்டுவர். இந்த வேதிப்பொருள்களே மருந்தியல் அறிஞரைக் கடலுக்கு இழுத்தன. கரீபியக் கடலின் விசிறிப் பவளம் ஒன்றில், மனித உடலிலும் செயற்படும் புராசுட்டாகிளாண்டின் என்ற பொருள் ஏராளமாக இருப்பது 1969-இல் கண்டறியப்பட்டது. கடைகளில் மென்பவளத்தோடு சேர்த்து விற்கப்படும் பொத்தான் பவளம் என்ற சோவாந்திட்டு வேறு இனம். அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவாய்த் தீவில் 1971-இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. அத்தகைய பவளம் ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதாக எண்ணி வெந்நீரில் கொதிக்க வைத்து, அந்த ஆவியை மூச்சிழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனை சேர்ந்தவர்கள் பல நாடுகளில் உள்ளனர். கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. வெறுங்கையால் தொடவும் கூடாது. வீட்டில் தம்பி தங்கைகள் உள்ள தோழியர் இந்த இரண்டு வரியை மட்டுமாவது மறவாதிருக்க வேண்டுகிறோம்.

செய்முறை இவ்வளவுதான். ஆனால் எங்கள் வழக்கில் வென்றதும் தோற்றதும் செய்முறையால் அன்று. "பவளம் எங்கிருந்து வரும்?" என்று ஒருத்தி கேட்டாள். அங்கேதான் பேச்சு நின்றது.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் சங்கிலி போல் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகள். ஒரு காலத்தில் அந்தப் பவளக் கற்களை வள்ளம் வள்ளமாக வெட்டி வந்து சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் விற்றனர். பாறை போனதும் அலையைத் தடுப்பாரில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கியே போயின. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமுமாயிற்று. 2001-இல் பாறை கட்டும் கல்பவளங்கள், கருப்புப் பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை உண்டு. செத்த பவளக்கல்லும் இதில் அடங்கும். கடற்கரைக் கடைகளில் அலங்காரத்திற்கென்று நீட்டப்படும் வெள்ளைப் பவளக் கிளையை வாங்குவோர் இதை நினைக்க வேண்டும்.

"மென்பவளத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையே!" என்று எங்கள் தோழி சட்டம் பேசினாள். கடல்விசிறியைத் தவிர, சார்கோபைட்டான் போன்றவை அதில் தனியே குறிக்கப்படவில்லை என்பது மெய்தான். ஆனால் அவை வளரும் இடமே தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்க முடியாது. மென்பவளம் ஒட்டி நிற்பதும் கல்பவளத்தின் மேல்தான். ஒன்றைப் பெயர்த்தால் மற்றதும் பெயரும். வெளிநாட்டுத் தொட்டிகளில் வளர்ப்பவர்கள் ஒரு தாய்ப் பவளத்தைக் கத்தியால் அறுத்து, வாழைக்கன்று பிரிப்பது போல் துண்டுகளைப் பிரித்து, தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். அந்த வகையில் கடலுக்கு இழப்பில்லை. இதை நாங்களும் ஒப்புகிறோம். ஆனால் அதை நம் நாட்டிற்குக் கொண்டு வர இறக்குமதி அனுமதியும் சோதனைகளும் வேண்டும். சித்தப்பா பெட்டியில் புடவைக்கு நடுவே வைத்துக் கொண்டுவரும் பொருளன்று. கொளத்தூர் வண்ணமீன் சந்தை போன்ற இடங்களில் யாரேனும் பவளம் காட்டினால், அது எந்தக் கடலிலிருந்து, எந்தச் சீட்டோடு வந்தது என்று கேட்க வேண்டும். சீட்டு இல்லையேல் வாங்குவதற்கில்லை.

இன்னொன்றும் உண்டு. வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வார்கள்? "பாவம், கடலிலேயே விட்டுவிடலாம்" என்று தோன்றும். அந்த இரக்கமே பெருந்தீங்காகும். வெனிசுலா நாட்டுக் கடலில், அங்கு இயல்பாக இல்லாத சீனியா இனத்து உறவான மென்பவளம் ஒன்று தொட்டி வாணிபத்தின் வழியே புகுந்து, கடலடியைப் பாய் விரித்தாற்போல் மூடி உள்ளூர்ப் பவளங்களை நெரிக்கிறது. நம்மிடத்திலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. மண்டபம் பகுதியில் தொழிலுக்காக வளர்த்த கப்பாபைகசு என்ற அயல்நாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளங்களின் மேல் படர்ந்து மூடியது 2008-இல் வெளியுலகுக்குத் தெரிய வந்தது.

வெயில் பற்றிச் சொன்னோம். ஆதம்பாக்கத்துத் தொட்டிக்கு நேரும் அதே துன்பம் மன்னார் வளைகுடாவுக்கும் நேர்கிறது. 2010-இலும் 2016-இலும் கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. வெளுப்பது என்றால், சூடு தாங்காமல் சமையல்காரப் பாசியை வெளியேற்றிவிட்டு, பவளம் வெள்ளையாக நிற்பது. சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பும். இல்லையேல் பட்டினிச் சாவு. 2024-இல் உலகம் முழுவதும் பவளங்கள் வெளுத்து வருவதாக அறிவிக்கப்பட்டது. தொட்டிக்குக் குளிரூட்டி வைக்கலாம். கடலுக்கு எதை வைப்பது? தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் காரைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். ஒட்டும் வரை கட்டி வைப்பது, மெல்லப் பழக்குவது என, நாம் மேலே கண்ட அதே கைவேலைதான்; தொட்டி மட்டும் பெரிது.

எங்கள் தோழி முழுமனத்தோடு விட்டுக்கொடுத்தாள் என்று சொல்ல மாட்டோம். இப்போதைக்குப் பவளமில்லாத கடல்நீர்த் தொட்டியே வைப்பதென்று இணங்கியிருக்கிறாள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சியாளர்கள் கோமாளி மீன்களைப் பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பண்ணையில் பிறந்த குஞ்சுகள் இரண்டு, கற்களுக்குப் பதில் சுட்ட மண் குழாய்கள் என்பது அவளுடைய திட்டம். நான்கு வாரக் காத்திருப்பு நடந்துகொண்டிருக்கிறது. அவள் அத்தை நாள்தோறும் வந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

மென்பவளத்தை உயிரோடு காண விரும்பும் தோழியர் மன்னார் வளைகுடாவுக்குச் செல்லலாம். பாம்பனிலிருந்து குருசடைத் தீவுக்கும், ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையிலும் வனத்துறை மேற்பார்வையில் படகுகள் விடுகிறார்கள். கண்ணாடி அடித்தளம் வழியே பாறைகளைக் காணலாம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது நீர் கலங்கியிருக்கும், ஒன்றும் தெரியாது. மாசி, பங்குனியில் கடல் அடங்கித் தெளிந்திருக்கும். அது நமக்கு ஆண்டுத் தேர்வுக் காலம் என்பதுதான் ஒரே இடையூறு.